புது மெருகா, பழைய பிரதியா? வாசகர் கேள்வி – பதில்

ரீமாஸ்டர் கேம்களைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: போர்ட், ரீமாஸ்டர், ரீமேக் என்று அட்டையில் விதவிதமாகப் போடுகிறார்கள். காசு கொடுக்கும் முன் எது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அட்டையில் இருப்பது விளம்பரப் பெயர். அதை நம்ப வேண்டாம், உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். அதே கேமை வேறு மெஷினில் ஓடும்படி செய்தால் போர்ட். அதே கேமின் படத்தையும் ஒலியையும் மெருகேற்றினால் ரீமாஸ்டர். கதையையும் இடங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கினால் ரீமேக். வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்கும் இடித்துக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் பின்னிரண்டுக்கும்.

'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' நல்ல உதாரணம். 2005-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு ஒரிஜினல் வந்தது. 2011-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது ரீமாஸ்டர். 2018-ல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது ரீமேக். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒளியும் புல்லும் பாறையும் எப்படி மாறின என்பது புரியும். மூன்றும் நல்ல வேலை. ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

வாங்கும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். பழைய படத்துக்கு மாற்றிக்கொள்ள வசதி உண்டா? பாட்டுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றனவா? 4:3 திரை அளவு கிடைக்குமா? பழைய பதிப்பு இன்னும் விற்பனையில் இருக்கிறதா? நான்காவதுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், ரீமாஸ்டரை வாங்குவதற்கு முன்பே பழைய பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்துவிடுங்கள்.

கேள்வி: 'சைலண்ட் ஹில் 2' கேமை ஹெச்டி தொகுப்பில் விளையாடினேன். எல்லோரும் பயந்த அந்த மூடுபனியே சரியாக இல்லை. புதிய மெஷினில் பனியைக் காட்டுவது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம் பனியில் இல்லை, கோப்புகளில். ஹெச்டி தொகுப்பு 2012-ல் பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்தது. வேலையை எடுத்துக்கொண்ட குழுவுக்குக் கிடைத்தது வெளியீட்டுக்கு முந்தைய, முழுமையடையாத சோர்ஸ் கோட், அதாவது கேமை எழுதிய மூல நிரல். கடைக்கு வந்த இறுதிப் பதிப்பின் கோட் பாதுகாக்கப்படவில்லை. அதனால் ஒரிஜினல் வந்த 2001-லேயே தீர்த்துவிட்ட பிழைகளை மறுபடி உட்கார்ந்து தீர்க்க வேண்டிய நிலை.

பனிக்கு அந்த கேமில் இரண்டு வேலை. தூரத்தில் உள்ளதை வரைய பிளேஸ்டேஷன் 2-ஆல் முடியாது என்பதை மறைப்பது ஒன்று, மனதைக் கலக்குவது இன்னொன்று. பழைய பதிப்பில் பனி பல அடுக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். அதை மெலிதாக்கினால் பின்னால் இருக்கும் வெறுமை தெரிந்துவிடும். ஹெச்டி பதிப்பில் ஏரிக்கரைக் காட்சியில் தண்ணீர் சட்டென்று வெட்டியது போல முடிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விளிம்பு ஒரிஜினலிலும் அங்கேதான் இருந்தது. பனி அதைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பிளேஸ்டேஷன் 3 பதிப்புக்குத் திருத்தம் ஒன்று வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-க்கு அறிவித்த திருத்தத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

இது ஒரு கேமின் கதை மட்டும் அல்ல. 'கிங்டம் ஹார்ட்ஸ்' முதல் பாகத்தின் மூலக் கோப்புகள் தொலைந்துபோனதால், 2013-ல் ஹெச்டி பதிப்புக்காகப் பலவற்றை விற்பனைப் பிரதியிலிருந்து எடுத்தும் புதிதாக உருவாக்கியும் சமாளித்தார்கள். 'பிளேட் ரன்னர்' கேமின் சோர்ஸ் கோடும் இல்லை. 2022 ஜூனில் அதன் மேம்படுத்திய பதிப்பு வந்தபோது படம் மங்கலாகவும் பிழைகளோடும் இருக்கிறது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். பழைய பதிப்பைத் தனியாக விற்பதை நிறுத்தியிருந்த ஜிஓஜி கடை, சில நாட்களில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் அலமாரி காலியாக இருக்கும்போது, வாசகர்கள் வீட்டில் இருக்கும் டிஸ்க்தான் அந்த கேமின் மூலப் பிரதி. பழையதை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட வலுவான காரணம் கிடையாது.

நீங்கள் செய்யக்கூடியது: உங்களிடம் 'சைலண்ட் ஹில் 2'-இன் பழைய பிசி பதிப்பு இருந்தால், ரசிகர்கள் உருவாக்கிப் பராமரிக்கும் 'என்ஹான்ஸ்டு எடிஷன்' தொகுப்பை அதன் மேல் நிறுவுங்கள். பனி, நிழல், அகலத்திரை, ஒலி எல்லாவற்றையும் பிளேஸ்டேஷன் 2 பதிப்போடு ஒப்பிட்டுத் திருத்தியிருக்கிறார்கள். வேறு இடங்களிலிருந்து எடுத்த பழைய மோட் கோப்புகள் (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) அதே ஃபோல்டரில் இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு டிஎல்எல் கோப்புகள் மோதி, கேம் திறக்காமலே மூடிக்கொள்ளும்.

கேள்வி: பழைய பிசி கேமை வினாடிக்கு 60 ஃப்ரேமில் (60 படங்களில்) ஓட விட்டால் சிலவற்றில் நடையும் ஓட்டமும் கோணலாகிறது. ஃப்ரேம் கூடினால் நல்லதுதானே?

கண்ணுக்கு நல்லது, கணக்குக்குக் கெட்டது. அந்தக் காலத்து கேம்கள் பலவற்றில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். ஃப்ரேமுக்கு 2 அலகு என்றால் 30 ஃப்ரேமில் வினாடிக்கு 60 அலகு. அதையே 60 ஃப்ரேமில் ஓட விட்டால் 120. சில கேம்களில் நடை சரியாக இருக்கும், ஆனால் குதிப்பது, மோதுவது, நீந்துவது போன்ற ஏதோ ஒன்று மட்டும் பழைய கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கும்.

'டார்க் சோல்ஸ் 2' பிசி பதிப்பில் இதுதான் நடந்தது. வாள் எதிரியின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஃப்ரேமையும் தேய்மானமாக எண்ணியதால், 60 ஃப்ரேமில் ஆயுதம் இரு மடங்கு வேகத்தில் தேய்ந்தது. 2015-ல்தான் திருத்தினார்கள். 'ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்' பழைய பிசி பதிப்பில் ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் லிமிட்டரை அணைத்தால் நீச்சல் வேகமே கெடுகிறது. எனவே கேமின் அமைப்பிலேயே லிமிட்டர் இருந்தால் அதைத் தொடாதீர்கள். இல்லையென்றால் ரிவாட்யூனர் மென்பொருளில் அந்த கேமின் இயக்கக் கோப்பை மட்டும் சேர்த்து 30-ல் நிறுத்துங்கள். எல்லா கேமுக்கும் பொதுவாக நிறுத்தினால் புதிய கேம்களும் 30-ல் மாட்டிக்கொள்ளும்.

இதை முறையாகக் கையாண்டது 2021-ல் வந்த 'டயாப்லோ 2: ரிசரெக்டட்'. 2000-ல் வந்த ஒரிஜினல் வினாடிக்கு 25 ஃப்ரேமில் கணக்கிட்டது. அந்தக் கணக்கை அடியில் அப்படியே ஓட விட்டு, அதன் மேல் புதிய முப்பரிமாணப் படத்தை மட்டும் போர்த்தினார்கள். அடி விழும் நேரம், மந்திரத்தின் வேகம் எதுவும் மாறவில்லை. 'ஜி' விசையைத் தட்டினால் பழைய படம் வந்துவிடும்.

கேள்வி: பழைய கன்சோலைப் புது எல்இடி டிவியில் மாட்டினால் படம் அசிங்கமாக, கட்டம் கட்டமாக இருக்கிறது. சின்ன வயதில் இப்படி இல்லையே. நினைவுதான் ஏமாற்றுகிறதா?

நினைவு ஏமாற்றவில்லை. அந்தப் படங்கள் ட்யூப் டிவிக்காகவே வரையப்பட்டவை. 1991-ல் மெகா டிரைவில் வந்த 'சோனிக்' முதல் கட்டத்தின் அருவியைக் கிட்டே போய்ப் பாருங்கள். தண்ணீர் முழுதாக இருக்காது. ஒரு கோடு தண்ணீர், ஒரு கோடு வெற்றிடம் என்று செங்குத்தாக மாறி மாறி வரும். காம்போசிட் கேபிளின் (மஞ்சள் முனை கொண்ட பழைய வீடியோ கேபிள்) மங்கல் அந்தக் கோடுகளைப் பக்கவாட்டில் கலந்து, பின்னால் உள்ள பாறை தெரியும் கண்ணாடித் தண்ணீராகக் காட்டியது. அந்த மெஷினுக்கு நாம் இன்று நினைக்கும் ஒளி ஊடுருவல் தெரியாது. வரைந்தவர்கள் கேபிளின் குறையை வண்ணமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். கூர்மையான ஹெச்டி பதிப்பில் அந்த அருவி ஜன்னல் கம்பி மாதிரி நிற்கிறது. பிக்சலைத் துல்லியமாகக் காட்டினால் ஒரிஜினலைக் காட்டியதாகிவிடாது.

அடுத்த தவறு மலிவான காம்போசிட்–ஹெச்டிஎம்ஐ கன்வர்ட்டர். பழைய கன்சோல்கள் பெரும்பாலும் 240பி சிக்னல் தருகின்றன, அதாவது 240 வரிகள் கொண்ட முழுப் படம். இந்தப் பெட்டிகள் அதை 480ஐ (இரண்டு பாதிகளாக வரும் படம்) என்று எடுத்துக்கொண்டு, இல்லாத இரண்டு பாதிகளை ஒட்டப் பார்க்கின்றன. அடிபட்ட பாத்திரம் ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம் மின்னும் இல்லையா, அது மின்னாமல் வரிவரியாகத் தெரியும், அல்லது காணாமலே போகும். பொத்தானை அழுத்துவதற்கும் குதிப்பதற்கும் இடையே தாமதமும் சேரும்.

240பி-யைச் சரியாகப் புரிந்துகொள்ளும் ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற கருவிகள்தான் வழி. டிவியில் கேம் மோடைப் போடுங்கள், கூர்மையைக் கூட்டும் அமைப்பை அணையுங்கள், அளவை 4:3-ல் வையுங்கள். சூப்பர் நின்டெண்டோ பெரும்பாலும் 256×224 பிக்சலில் வரைகிறது. அந்தப் பிக்சல்கள் 4:3 திரையை நிரப்பச் சற்று அகலமாகத் தெரிய வேண்டும். 16:9-க்கு இழுத்தால் வட்டமெல்லாம் முட்டையாகிவிடும். இடம் இருந்தால் ஒரு சின்ன ட்யூப் டிவியையே வைத்துக்கொள்ளுங்கள் என்போம். திரையை நோக்கித் துப்பாக்கியால் சுடும் பழைய லைட் கன் கேம்களுக்கு வேறு வழியே இல்லை. திரையில் ஒளி எந்தக் கணத்தில் தெரிகிறது என்பதைத் துப்பாக்கி ட்யூப் டிவியின் வேகத்தில் எதிர்பார்க்கிறது. எல்இடி டிவியில் அந்தக் கணம் தள்ளிப்போகிறது.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய பிசி சிடி, விண்டோஸ் 10-ல் போட்டால் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. டிஸ்க் போய்விட்டதா?

பெரும்பாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கும். சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு இருந்தால் விண்டோஸ் 10 அதை ஓட்டாது. அதற்குத் தேவையான டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவில்லை. 2015 செப்டம்பர் அப்டேட்டில் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் முடக்கியது. தயாரிப்பாளரே சிடி தேவையில்லாத பேட்ச் வெளியிட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அடுத்து, பழைய கேம்களைப் புதிய கணினியில் ஓட்டும் ஸ்கம்விஎம் போன்ற திறமூல மென்பொருள்கள் அந்த கேமை ஆதரிக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் சிடியிலுள்ள தரவுக் கோப்புகளை மட்டும் அதற்குக் கொடுத்தால் போதும். அதுவும் இல்லையென்றால் இணையத்தில் இணைக்காத பழைய எக்ஸ்பி கணினி. முடக்கிய டிரைவரைத் தினசரிக் கணினியில் மறுபடி இயக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் பிளேஸ்டேஷன் டிஸ்க்குகளும் கார்ட்ரிட்ஜ்களும் இருக்கின்றன. கெட்டுப்போகும் முன் எப்படிக் காப்பாற்றுவது?

டிஸ்க்கில் தொடங்குவோம். எல்லோரும் அடிப்பக்கக் கீறலுக்குப் பயப்படுகிறார்கள். சிடியின் உயிர் மேல்பக்கத்தில் இருக்கிறது. 1.2 மில்லிமீட்டர் தடிமனில் தரவு அடுக்கு படத்துக்கும் வார்னிஷுக்கும் நேர் கீழே இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். மேல்பக்கம் உரிந்தால் தரவே போய்விடும். டிவிடி அப்படி இல்லை. இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே தரவு இருக்கும். டிஸ்க்கை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஊசித் துளை போல வெளிச்சம் தெரிந்தால் அதை முதலில் நகலெடுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு ஓடும், அதை டிரைவால் தாண்ட முடியாது.

பிளேஸ்டேஷன் 1 சிடியை ஐஎஸ்ஓ கோப்பாக எடுக்காதீர்கள். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். சிடியில் ஒரு செக்டர் 2352 பைட். ஐஎஸ்ஓ அதில் 2048-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறது. வீடியோவும் குரலும் இருக்கும் செக்டர்களில் 2324 பைட் பயன்பாட்டுத் தரவு இருப்பதால் அவை நறுக்கப்படும். ஆடியோ டிராக்காக இருக்கும் பின்னணி இசை சேரவே சேராது. கேம் திறக்கும், ஊமையாக ஓடும். எனவே முழு செக்டரையும் டிராக் பட்டியலையும் சேர்த்து வைக்கும் பின்–க்யூ (BIN/CUE) வடிவில் எடுங்கள். ஒரே டிஸ்க்கை இரண்டு முறை எடுத்து இரண்டின் ஷா-1 எண்ணையும் (கோப்பின் கைரேகை போன்றது) ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால், சரியான டிஸ்க் நகல்களின் எண்களைத் தொகுக்கும் ரீடம்ப் தரவுத்தளத்தில் அதே கேமின் அதே பதிப்புக்குக் கொடுத்திருக்கும் எண்ணோடு பாருங்கள். அதுவும் பொருந்தினால் உங்கள் நகல் சரியானது. இடம் மிச்சம் பிடிக்க, சுருக்கி வைக்கும் சிஎச்டி வடிவுக்கு மாற்றலாம். அதில் தரவு இழப்பு கிடையாது, திரும்பப் பின்–க்யூவாகவும் மாற்ற முடியும். பிளேஸ்டேஷன் 2 டிவிடிகளுக்கு ஐஎஸ்ஓ போதும்.

கார்ட்ரிட்ஜில் ஆபத்து பேட்டரியில் இருக்கிறது. சூப்பர் நின்டெண்டோ கார்ட்ரிட்ஜ்களில் சேவ் கோப்பைக் காப்பது பொதுவாக ஒரு சிஆர்2032. 'போகிமான் கோல்ட்', 'சில்வர்' இரண்டிலும் சேவைக் காக்கும் பேட்டரியே கடிகாரத்தையும் ஓட்டுவதால் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். 'ரூபி', 'சஃபையர்', 'எமரால்ட்' கார்ட்ரிட்ஜ்களில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். சேவ் ஃப்ளாஷ் சிப்பில் இருப்பதால் பேட்டரி தீர்ந்தாலும் அழியாது.

மாற்றும் முறை இதுதான். முதலில் கார்ட்ரிட்ஜ் ரீடரில் செருகி சேவ் கோப்பைக் கணினிக்கு எடுத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றிய கணமே பழைய சேவ் போய்விடும். 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் ஸ்க்ரூடிரைவரால் திறந்து, எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகடு ஏற்கெனவே வெல்டு செய்த, பழையதில் பொறித்திருக்கும் அதே எண் கொண்ட பேட்டரி வாங்குங்கள். வெறும் பேட்டரி மேல் நேரடியாகச் சால்டர் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம். டேப்பால் ஒட்டும் வேலையும் வேண்டாம். சில மாதங்களில் தொடர்பு விட்டு மறுபடி சேவ் அழியும். புதியதைச் சால்டர் செய்து, கணினியில் எடுத்து வைத்த சேவைத் திரும்ப ஏற்றுங்கள். பின்களை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் கொண்டு துடையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பின்னை அரிக்கும்.

கேள்வி: ரீமாஸ்டர் வந்ததும் ஆன்லைன் கடையில் பழைய கேமை எடுத்துவிடுகிறார்களே, இது நியாயமா?

நியாயம் இல்லை. ரீமாஸ்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதை எங்களால் ஏற்க முடியாது. ஜிடிஏ முத்தொகுப்பின் ரீமாஸ்டர் 2021 நவம்பரில் வரும் முன், அக்டோபரிலேயே மூன்று ஒரிஜினல்களையும் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்தார்கள். வந்த ரீமாஸ்டரில் கடைப் பலகைகளில் எழுத்துப் பிழை, பார்வையை மறைக்கும் மழை. ஜிடிஏ நிறுவனமான ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது, பழைய பிசி பதிப்புகள் அதன் சொந்தக் கடைக்குத் திரும்பின. 2020 ஜனவரியில் 'வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்டு' இன்னும் மோசம். ரீமாஸ்டரை வாங்காமல் பழையதையே ஆன்லைனில் ஆடியவர்களுக்கும் புதிய மென்பொருள்தான் என்றானது. முன்பு இருந்த வசதிகள் சில காணாமல் போயின.

பாட்டு உரிமம் இன்னொரு காரணம். 'ஜிடிஏ 4' வந்து பத்து ஆண்டு முடிந்த 2018-ல் அதன் வானொலிகளிலிருந்து பல பாட்டுகளை அப்டேட் மூலம் நீக்கினார்கள். அப்டேட் செய்யாத டிஸ்க்கில் அவை இன்னும் இருக்கின்றன. 'ஆலன் வேக்' இதே காரணத்துக்காக 2017 மேயில் கடையிலிருந்து போய் 2018 அக்டோபரில் திரும்பியது.

அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, அங்கே 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. விற்பனையில் இல்லாத கேம்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து காட்ட நூலகங்கள் அனுமதி கேட்டன. 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. 2025 முதல் கலிஃபோர்னியாவில் நடைமுறையில் இருக்கும் சட்டம் ஒரு சிறு ஆறுதல். நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்பதைக் கடை தெளிவாகச் சொல்ல வேண்டும். இணைப்பில்லாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி டவுன்லோடு தருபவர்களுக்கு விலக்கு உண்டு. அப்படித் தரும் கடை இருந்தால் அங்கே வாங்குங்கள். இன்ஸ்டாலர் கோப்பை இறக்கி இரண்டு தனித்தனி டிரைவ்களில் வையுங்கள். கடையின் பட்டியலில் இருக்கிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது என்று ஆகாது.

கேள்வி: ரீமாஸ்டர் வந்தால் ஒரிஜினலின் விலை இறங்குமா? வாங்கும்போது போலியை எப்படி அறிவது?

ஆடுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் விலையைப் பற்றி யோசிக்காதீர்கள், அட்டைப்பெட்டி இல்லாத பிரதியே போதும். 2021 ஜூலையில் சீல் உடைக்காத 'சூப்பர் மாரியோ 64' ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அது ஆடுபவர்களின் சந்தை அல்ல.

போலி அதிகம் கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்களில். பின்களுக்கு மேலே தெரியும் சர்க்யூட் பலகை விளிம்பில் நின்டெண்டோ பெயர் இருக்க வேண்டும். லேபிளைச் சாய்த்துப் பார்த்தால் அழுத்திப் பதித்த சிறு குறியீடு தெரிய வேண்டும். 'போகிமான் ஃபயர்ரெட்', 'லீஃப்கிரீன்' ஒரிஜினல்களில் பேட்டரியே கிடையாது. உள்ளே பேட்டரி இருந்தால் அது போலி.

கேள்வி: ஒரிஜினலுக்கு மரியாதை கொடுத்த ரீமாஸ்டர் என்று எதைச் சொல்வீர்கள்?

2020 ஜூனில் வந்த 'கமாண்ட் அண்ட் காங்கர்' தொகுப்பு. முதல் கேமும் 'ரெட் அலர்ட்'டும் அதில் உண்டு. தனியாக ஆடும்போது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பழைய படம் அதே கணத்தில் வரும். பழைய வீடியோக்களின் மூலப் பிரதி கிடைக்காததால் இருந்ததையே மேம்படுத்தினோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். இரண்டு கேம்களின் முக்கிய சோர்ஸ் கோடையும், யாரும் எடுத்து மாற்ற அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டார்கள். இனி யாரும் அதைத் தொலைக்க முடியாது.

2011-ல் வந்த 'ஹேலோ' ஆண்டுவிழாப் பதிப்பிலும் ஒரு பொத்தானில் பழைய படம் வரும். ஆனால் அது எக்ஸ்பாக்ஸ் ஒரிஜினலிலிருந்து வரவில்லை, பின்னால் வந்த பிசி போர்ட்டிலிருந்து வந்தது. அந்த போர்ட்டில் உடைந்திருந்த சில ஒளி விளைவுகளும் உலோகப் பரப்புகளும் 'பழைய படம்' என்ற பெயரிலேயே உடைந்து வந்தன. பல ஆண்டுகள் கழித்துத்தான் திருத்தினார்கள். அதனால் பொத்தான் இருக்கிறது என்று 2001-ல் வந்த ஒரிஜினல் டிஸ்க்கை விற்றுவிடாதீர்கள். அதை ஓட்டப் பழைய எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தால் உடனே திறந்து கடிகார கப்பாசிட்டரைப் பாருங்கள். 1.6-க்கு முந்தைய மாடல்களில் அது கசிந்து பலகையின் தாமிரத் தடங்களை அரிக்கிறது. கழற்றிவிட்டு, கசிந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்தால் போதும். கப்பாசிட்டர் இல்லாமலே கன்சோல் ஓடும், மின்சாரம் நின்றதும் நேரம் மட்டும் மறந்துபோகும்.